போய்ப் போய் வந்த வெள்ளைப் புள்ளி

மலேரியாக் காய்ச்சல் நாட்டையே உலுக்கிவிட்டு ஓய்ந்த அடுத்த வருடம், நான் கற்பிட்டியில், ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். வெள்ளைக்காரர் ஆட்சிக்காலம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் எழுத்துப் பிழை பார்க்கும் வேலையில் இருந்த என்னையும் அந்தக் காய்ச்சல் பிடித்தது. கொயினா மருந்து குடித்தால் போய்விடும். போய்விட்டது என்று எழுந்து நடமாடினால் சில வாரங்களில் திரும்பவும் வரும். கடற்காற்றில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்று வைத்தியர் அனுப்பி வைத்தார்.

ராத்தாவின் கணவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். கடலோரக் களப்பில் வலை வீசிப் பிழைத்தவர். அதே காய்ச்சல் அவரையும் உருக்கிவிட்டது. வலை இழுக்கக் கையில் பலம் இல்லை. அந்த நேரத்தில்தான் மலேரியா ஒழிப்பு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். காய்ச்சலைப் பரப்பும் நுளம்பின் புழுவைத் தின்னும் நகக்கண் அளவு மீன்களை வீட்டில் வளர்த்துப் பெருக்கி, ஊர் ஊராகக் கிணறுகளில் விட வேண்டும். ஊர்ச் சனம் வந்து பார்த்து நம்புவதற்காக, இரும்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தொட்டியும், புழுவைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்திருந்தார். மழை தொடங்குமுன் தொட்டி நிறைய மீன் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் தொட்டி புத்தளத்தில் வேறு ஒருவரிடம் போகும். அந்த வேலையைத் தவிர அந்த வீட்டுக்கு அப்போது வேறு வருமானம் கிடையாது.

தொட்டி முன் விறாந்தையில் இருந்தது. எனக்குப் பொழுது போக வேறு வழியில்லாததால் அதன் முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் ஒரு மீனின் வாலில் வெள்ளைப் புள்ளி ஒன்றைக் கண்டேன். இரண்டு நாளில் எல்லா மீன்களிலும் உப்புத் தூவியது போலப் புள்ளிகள். மீன்கள் செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்த கல்லில் உடம்பை உரசின. பிறகு ஒவ்வொன்றாக மிதந்தன.

ஓவசியர் சொல்லியனுப்பியபடி, தப்பியவற்றை ஒரு பெரிய சட்டியில் உப்புக் கரைத்த தண்ணீரில் சில நாட்கள் விட்டோம். புள்ளிகள் உதிர்ந்துபோயின. ராத்தா தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கிணற்றில் புதுத் தண்ணீர் அள்ளி ஊற்றினா. மீன்கள் பழையபடி துள்ளின. ஒரு வாரம் போகவில்லை, மறுபடியும் புள்ளி. மறுபடியும் உப்பு, மறுபடியும் கழுவல், மறுபடியும் புள்ளி.

எனக்கும் அந்த வாரம் குளிர் ஏறிப் பல்லுக் கிட்டியது. போர்வையைக் கொண்டுவந்து போட்ட ராத்தா சொன்னா:

"உனக்கும் இந்த மீனுக்கும் ஒரே நோய்தான் தம்பி. போற மாதிரிப் போய்ட்டு வருது."

"அப்ப என்னையும் உப்புத் தண்ணியில போடுங்க."

"போட்டா கருவாடுதான் மிஞ்சும். கொயினாவக் குடி."

யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் கண்ணூறு என்று ராத்தா தொட்டிக்கு மேல் ஒரு சீலையைப் போட்டு மூடினா. இரையாகப் போட்ட புழுவில்தான் கோளாறு என்று மச்சான் இரையை மாற்றினார். நான் தொட்டியின் அடியில் கிடந்த கல்லைச் சந்தேகித்து அதை எடுத்து எறிந்தேன். புள்ளி இது ஒன்றையும் சட்டை செய்யவில்லை. மழைக்கு முன்னான மேகம் களப்புக்கு மேல் கூடத் தொடங்கியிருந்தது.

அந்த வேளையில் கனமூலை என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்கு ராத்தா போய் அங்கேயே சில நாட்கள் தங்க நேர்ந்தது. இங்கே அந்த வீட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தேங்கிய தண்ணீரில்தான் நுளம்பு முட்டையிடும் என்று மச்சான் ஊர் முழுக்கத் தேங்காய்ச் சிரட்டையையும் உடைந்த பானையையும் கவிழ்த்துக்கொண்டு திரிந்தவர். அதனால் அவர் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு நாளைக்கு மேல் நிற்காது. குடிதண்ணீர்ச் சாடிகளைக்கூட ராத்தா தினமும் கவிழ்த்துக் கழுவிவிட்டுத்தான் புதிதாக நிரப்புவா. அவ இல்லாத நாட்களில் அது நடக்கவில்லை. வாயைச் சீலையால் கட்டிய சாடிகள் அப்படியே நின்றன. உப்புச் சட்டியிலிருந்து மீன்களை எடுத்துத் தொட்டியில் விட வேண்டிய நாள் வந்தபோது, கிணற்றடிக்கு நடக்கத் தெம்பில்லாமல் நான் அந்தச் சாடித் தண்ணீரையே ஊற்றிவிட்டேன்.

புள்ளி வரவேண்டிய நாள் வந்தது, போனது. மீன்கள் பளிச்சென்று ஓடித் திரிந்தன.

ராத்தா திரும்பி வந்ததும் தொட்டியை மோந்து பார்த்தா. "பழந்தண்ணியில விட்டீக்கிறியளே, மனுசர்தானா நீங்க?" என்று எல்லாவற்றையும் கொட்டி, கழுவி, கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினா. அந்த வாரத்துக்குள் வெள்ளைப் புள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் கதிரையில் இருந்தபடி யோசித்தேன். மாறியது தண்ணீர் ஒன்றுதான். மச்சானிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஊரிலேயே நல்ல தண்ணீர் அவர் கிணற்றில்தான் என்பது அவருடைய பெருமை. முதன்முதலில் வந்த மீன்களை அதில்தான் விட்டார். சனத்துக்கு முன்னால் ஒரு வாளி அள்ளிக் குடித்தும் காட்டினார். அந்த மீன்கள் இன்னும் அங்கே கொழுகொழு என்று நீந்தின.

"தண்ணியில நோய் எண்டா கிணத்து மீன் எப்பிடி உசிரோட இரிக்குது?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். எனவே கடையில் இனிப்புப் போடும் பெரிய கண்ணாடிப் போத்தல்கள் இரண்டு வாங்கிவந்தோம். ஒன்றில் அன்றைய கிணற்றுத் தண்ணீர், மற்றதில் சாடியில் சில நாள் நின்ற அதே கிணற்றுத் தண்ணீர். உப்பில் கிடந்து சுகமான மீன்களை இரண்டிலும் விட்டோம். புதுத் தண்ணீர் மீன்களுக்குப் புள்ளி வந்தது. பழந்தண்ணீர் மீன்களுக்கு வரவில்லை. மச்சான் போத்தல்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். சுகமான வேறு மீன்களை விட்டும் பார்த்தார். முடிவு மாறவில்லை.

அதன் பிறகுதான் கிணற்று மீன் ஒன்றைச் சீலையால் வடித்துப் பிடித்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தோம். வெறும் கண்ணுக்கு மாசு மறுவில்லாத மீன். மச்சான் மெதுவாகச் செட்டையை விரித்தார். அதன் அடியில் ஒரேயொரு வெள்ளைப் புள்ளி இருந்தது. இன்னொரு மீனைப் பிடித்தோம். அதன் செவுளுக்கருகில் ஒன்று. நோயில் தப்பிப் பழகிய அந்த மீன்கள் அதைச் சுமந்துகொண்டு சுகமாக வாழ்ந்தன. அங்கிருந்து வாளியில் ஏறி வந்த கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, தொட்டியில் பலவீனமாய்க் கிடந்த மீன்களைப் பிடித்தது. மீன் கிடைக்காமல் சாடியில் சில நாள் கிடந்தால் அது செத்துவிடுகிறது என்று நாங்களாக ஊகித்துக்கொண்டோம். அயல் வீட்டுக் கிணற்றுக்குப் போகலாம் என்றால், அங்கேயும் மச்சான் விட்ட மீன்தான்.

ஆகவே தண்ணீரைச் சாடியில் நிறுத்திவைப்பதைத் தவிர வழியில்லை. ராத்தாவுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. "ஊரெல்லாம் பானை கவுத்துற மனுசன்ட வீட்டுல தண்ணி தேக்கி வெச்சா, சனம் வாயால சிரிக்காது" என்றா. கடைசியில், நுளம்பு நுழையாதபடி இரட்டைச் சீலை கட்டி, தன் கையாலேயே முடிச்சுப் போட்டா. முற்றத்து நிழலில் சாடிகள் வரிசையாக நின்றன. தொட்டியில் மீன்கள் குஞ்சு போட்டுப் பெருகின.

சொல்லாமல் கொள்ளாமல் ஓவசியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். முற்றத்தில் கால் வைத்ததும் அவர் கண்ணில் பட்டது சாடிகள்தான்.

"என்ன காணும் இது? ஊராற்றை சிரட்டையை எல்லாம் கவிழ்க்கச் சொல்லிப்போட்டு, உம்மடை வீட்டிலை தண்ணி தேக்கி வைச்சிருக்கிறீர்?"

ஓவசியர் குனிந்து ஒரு சாடியின் கழுத்தைப் பிடித்தார். அப்போது உள்ளே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, அந்தச் சாடியக் கவுக்கிறதெண்டா, தொட்டியில இரிக்கிற மீனையும் சேத்துக் கவுத்துட்டுப் போங்க. ரெண்டும் ஒண்டுதான்."

அந்நிய ஆண் ஒருவரிடம் ராத்தா பேசியதை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். மச்சானும் அப்படித்தான் என்று அவர் முகம் சொன்னது.

"ஆர் பிள்ளை உள்ளுக்கை?"

"இந்த மீனுக்குத் தண்ணி மாத்துறவ."

ஓவசியர் சாடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "சரி, ஏனெண்டு சொல்லும்" என்றார். திரைக்குப் பின்னால் இருந்தபடியே ராத்தா எல்லாவற்றையும் சொன்னா. போத்தல்களை இடம் மாற்றி வைத்ததைக்கூட விடவில்லை. அவர் சீலையை அவிழ்த்து, பூதக்கண்ணாடியால் சாடிக்குள் நெடுநேரம் பார்த்தார். ஒரு புழு இல்லை. தொட்டியைப் பார்த்தார். கிணற்று மீன் ஒன்றைப் பிடித்துத் தரச் சொல்லி அதையும் பார்த்தார்.

பிறகு மச்சானிடம், "வாற வெள்ளி மீன் எடுக்க வண்டி அனுப்புறன். வேலை உமக்குத்தான்" என்றார். படியிறங்கும்போது திரைப்பக்கம் திரும்பி, "அந்தச் சீலையிலை ஓட்டை விழுந்தால், முதல் வழக்கு உங்கடை வீட்டுக்குத்தான் பிள்ளை" என்றார்.

"விழாது ஐயா" என்று பதில் வந்தது.

அன்று மாலை ராத்தா கொயினாப் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. காய்ச்சல் விட்டுச் சில நாட்களாகியிருந்தன. இனி எதற்கு என்றேன். அவ, மீன்கள் கொழுகொழு என்று நீந்திய கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினா. நான் போத்தல் முடியும்வரை குடித்தேன். அந்தக் காய்ச்சல் பிறகு வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் இருந்துவிட்டேன். ஆனால் இன்றைக்கும் ஒரு தொல்லை போய்ப் போய் வந்தால், எது கெட்டிருக்கிறது என்று தேடுமுன், எங்களுக்குள் மிக நல்லது என்று நாங்கள் நம்பியிருப்பது எது என்று ஒரு தடவை செட்டையை விரித்துப் பார்க்கத் தோன்றுகிறது.