மீன் வாசம் அடித்த சாமி மேடை

ஒரு விடுகதை. அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தீக்குச்சி இல்லாமல் தீ மூட்டும். மூட்டும்வரை யார் கண்ணிலும் படாது. அது என்ன? நசுங்கிய வயர். ஏணிமேல் நின்றபடி திட்டு வாங்கிப் பழகிய சக வயர்மேன்களே, நம் தொழிலில் ஆபத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்; அதை வீட்டுக்காரர்கள் நம்பும்படி செய்வதுதான் கஷ்டம்.

வாயாடிப் பெட்டி

டுரியான் துங்கால் ஊரில் கணேசன் வீட்டு மெயின் பெட்டியில் புதுவகை பிரேக்கர் ஒன்று பொருத்தினேன். சாதாரண பிரேக்கர், கரண்ட் அளவு மீறினால் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும். இது, வயரில் பொறி பறந்தாலே விழும். படுக்கையறைக்கு இது கட்டாயம் என்று சில நாடுகளில் சட்டமே உண்டு. இங்கே நாம்தான் கெஞ்ச வேண்டும்.

சில நாளில் கணேசனின் மனைவி புஷ்பா போன் செய்தார். துணி தேய்க்க அயன் போட்டாலே பிரேக்கர் விழுகிறதாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். சாமி மேடைக்குப் பின்னால் ஓடும் எக்ஸ்டென்ஷன் வயர்தான் குற்றவாளி. சாமி விளக்கு, அயன் இரண்டும் அதில்தான். மேடை என்பது கனமான மர அலமாரி. அதன் பின்னால் வெறும் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் யாழினியின் கட்டில். அலமாரியை நகர்த்தலாம் என்றேன். தைப்பூச விரதம் முடியும்வரை சாமியை அசைக்கக்கூடாது என்றார் புஷ்பா. அதுவரை வயரைத் தொடாதீர்கள் என்று பிளக்கைக் கழற்றி வைத்தேன். வாசல்வரை வந்து அவர் சொன்னார்:

"பழைய பெட்டி ஒருநாளும் வாயத் தொறந்ததில்ல அண்ணே. ஒங்க பெட்டி வந்ததுலேருந்து பேசிக்கிட்டே இருக்குலா."

மச்சான் வைத்தியம்

அடுத்து கணேசன் கூப்பிட்டார். "ஒங்க பிரேக்கர எடுத்துக்கிட்டுப் போயிருங்கண்ணே." புஷ்பாவின் தம்பி லோரி பட்டறையில் வேலை செய்பவர். என் பிரேக்கரைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டி, பிளக்கையும் செருகிவிட்டாராம். வீடு அமைதியாகிவிட்டதாம். நான் பதறி ஏதோ சொல்ல, தம்பியே போனை வாங்கினார்:

"லோரியில ஹாரன் நிக்காம அடிச்சா ஹாரனக் கழட்டுவோம். அதேதாண்ணே இங்கயும்."

விரதத்தில் மீன்

உடனே கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் வேறு சண்டை. காவடி எடுக்கப் போகிற கணேசன் மஞ்சள் வேட்டியுடன் ஒடுங்கி நிற்கிறார். புஷ்பா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "தங்கா பத்து ஊர்ல வேலைன்னப்பவே நெனச்சேன். கடலோரம்லா! சுட்ட மீன் தின்னீங்களா இல்லியா?" என்கிறார். "முருகன்மேல சத்தியமா ரசஞ்சோறுதான்," என்றார் கணேசன். "என் ரூம்லயும் அந்த வாசம் வருது மா," என்றாள் யாழினி. "புள்ள ரூம்ல ஒளிஞ்சி தின்னது வேறயா!" என்று புஷ்பாவின் குரல் ஏறியது.

எனக்கு அந்த வாசம் தெரியும். சில வகை பிளாஸ்டிக் சூடேறிக் கருகினால் மீன் வாசம்தான் வரும். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். காற்றாடி நின்றது. புஷ்பா திரும்பினார்:

"இப்ப எதுக்குண்ணே கரண்ட நிறுத்துறீங்க? நான் இன்னும் இவர விசாரிச்சே முடிக்கல!"

ராகு காலம்

அலமாரிக்குப் பின்னால் வயர் கருகுகிறது என்றேன். புஷ்பாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் அலமாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றார். "ராகு காலம்ணே. முடியட்டும்." நான் வாதாடவில்லை. யாழினியின் அறைக்கு அழைத்துப்போய், தலையணைக்குப் பின்னால் இருந்த பலகையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு தாமே சாமி படங்களை ஒவ்வொன்றாகக் கும்பிட்டு இறக்கினார்.

அலமாரியை இழுத்தோம். அலமாரிக் காலின் அடியில் நசுங்கிய வயர் பிளந்து கறுத்திருந்தது. பலகையிலும் கை அகலத்துக்குக் கரி. கணேசன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். புஷ்பா கணவரைப் பார்த்தார்:

"சரி, மீன் இதுதான். போன வாரம் அடிச்ச கோழி வாசம்?"

எந்த பிரேக்கர்?

கருகிய வயரை எறிந்துவிட்டு, அயனுக்குத் தனி பிளக் போட்டுக் கொடுத்தேன். என் பிரேக்கரைத் திரும்ப மாட்டலாமா என்றதும் மறுபடி சண்டை. சீரியல் நேரத்தில் விழுந்தால் என்ன செய்வது என்றார் புஷ்பா. விழட்டும் என்றார் கணேசன். அதற்குள் போனில் வந்த தம்பிக்கும் ஒரு கருத்து இருந்தது. "அந்தப் பக்கம் படுக்கிறது அவதானே? அவளயே கேப்போம்," என்றார் கணேசன்.

இரண்டு பிரேக்கர்களையும் யாழினியிடம் நீட்டினேன். "இந்தப் பழசு சும்மா இருக்கும். இந்தப் புதுசு சில சமயம் காரணமே இல்லாமல்கூட விழும், கார்ட்டூன் பாதியில் நின்றுபோகும்," என்று உள்ளதைச் சொன்னேன். "கார்ட்டூன் அப்புறம் வருமா அங்கிள்?" என்று கேட்டாள். வரும் என்றேன்.

மூன்று பெரியவர்கள் பேசித் தீராத அந்த விஷயத்தில், யாழினி விழுகிற பிரேக்கரை எடுத்துக்கொண்டாள்.