பெயர் வெட்டிய பெஞ்சு

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு பெண் தனியாக உட்கார இடம் கிடையாது. நடக்கலாம், வரிசையில் நிற்கலாம், வேண்டிய மட்டும் சாமி கும்பிடலாம். உட்கார்ந்தால் மட்டும் யாராவது வந்து காரணம் கேட்பார்கள். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை எனக்குப் போக்கிடம் இல்லாமல் இருந்தது.

அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா இல்லை. திருச்சியில் அண்ணன் இருந்தான். அவனுக்கு அவன் குடும்பம் இருந்தது. மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வீட்டின் கடைசி அறையில் குடியிருந்தேன். அந்த அறைக்குக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடத்தில் வீட்டுக்கார மாமா தினமும் சாயங்காலம் வயலின் சொல்லிக்கொடுப்பார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனாலும், அத்தனை பிள்ளைகளும் வில்லை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கும். மாமி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"கிளாஸ் நடக்கறச்சே குறுக்கே போனா மாமாவுக்குக் கோவம் வந்துடறது. நீ ஏழரைக்கு மேல ஆத்துக்கு வந்தாப் போறுமே. உனக்கென்ன, வந்து சமைச்சுப் போடணுமா, கொழந்தையைப் பாத்துக்கணுமா?"

மாமி நல்லவள். சுருக்கென்று தைக்கும் என்று தெரியாமல்தான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

முதலில் கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சில நாட்களிலேயே ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து, ஜாதகத்தில் என்ன தோஷம், எந்த சன்னிதியில் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். கடற்கரைக்குப் போனால், சுண்டலும் வாங்காமல் காற்றும் வாங்காமல் சில ஆண்கள் என்னையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஹோட்டலில் ஃபேமிலி ரூமில் போய் உட்கார்ந்தால், சர்வர் தண்ணீர் வைத்துவிட்டு, "இன்னும் யார் வரணும்?" என்று கேட்பார். யாரும் வர வேண்டியதில்லை என்று தினமும் ஒரு சர்வரிடம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் பஸ் ஸ்டாப்பைக் கண்டுபிடித்தேன். எங்கள் சந்து போய்ச் சேரும் கடைத்தெருவில், ஒரு புங்கமரத்தடியில் அது இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் பாட்டுக்கு மரத்தில் சாய்ந்துகொண்டு நிற்பேன். பஸ் வந்தால், இது என் பஸ் இல்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அடுத்ததும் வரும், அதுவும் என் பஸ் இல்லை. இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள், பூக்காரி, வேர்க்கடலைக்காரன் என்று தெரு கலகலவென்று இருக்கும். கால்தான் வலிக்கும். நமக்கும் ஒரு ஊர் இருக்கிறது என்ற நினைப்பு அந்த ஒன்றரை மணி நேரம் வரும்.

புங்கமரத்துக்கு எதிரே ஒரு பாத்திரக் கடை. முதலாளி விருதுநகர்ப் பக்கத்துக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எவர்சில்வரில் ஒரு கரண்டி வாங்கினாலும் பெயர் வெட்டாமல் கையில் கொடுக்க மாட்டார். பெயரில்லாத பாத்திரம் வீடு தங்காது என்பது அவர் கட்சி. நான் ஒரு டிபன் பாக்ஸ் வாங்கியபோது, "யாரு பேரும்மா போடணும்? வீட்டுக்காரரு பேரா, பிள்ளைக பேரா?" என்று கேட்டார். பெயரே வேண்டாம் என்றேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. அப்புறம் என் முதல் எழுத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தார். என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். டைப் அடிக்கிறேன் என்றேன். அன்றிலிருந்து அவருக்கு நான் டைப் அம்மா.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பைக் காணோம். தெரு குறுகல் என்று சொல்லி, பஸ்ஸைப் பெரிய ரோடு வழியாக விட்டுவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் எங்கள் கடைத்தெரு படுத்துவிட்டது. பூக்காரி பெரிய ரோட்டுக்குப் போனாள். வேர்க்கடலைக்காரனும் போனான். துணிமணி எடுக்கிறவர்கள் நேரே தி.நகருக்கு பஸ் ஏறினார்கள். சாயங்காலத்தில் எல்லாக் கடையிலும் டியூப் லைட் எரியும், முதலாளிகள் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பஸ் வராத தெருவில் நான் எந்த முகத்தோடு நிற்பது? கோயிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லி இங்கிலீஷில் மனுப் போட வேண்டும், டைப் அடிக்க முடியுமா என்று அண்ணாச்சி கேட்டார். முடியுமா என்றா கேட்டார், எனக்குச் சாயங்காலத்துக்கு ஒரு நாற்காலியல்லவா கிடைத்தது! பாத்திரக் கடை மாடியில் வைக்கோலுக்கும் அண்டாக்களுக்கும் நடுவே கூட்டம் நடக்கும். ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் டைப்ரைட்டரை வைத்து அடித்தேன். எத்தனை மனுப் போட்டும் பஸ் வரவில்லை. பஸ் வராவிட்டால் போகிறது, ஜனங்களை வரவைக்க வேறு வழி பார்ப்போம் என்று பேச்சு திரும்பியது. ஜவுளிக்கடைக்காரர் ஒலிபெருக்கி வைக்கலாம் என்றார். அண்ணாச்சி எல்லாக் கடைக்கும் ஒரே வர்ணம் அடிக்கலாம் என்றார். எந்த வர்ணம் என்பதில் இரண்டு கூட்டம் போயிற்று.

நான் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. டைப் அடிக்க வந்தவள். ஆனாலும் ஒருநாள் வாயைத் திறந்துவிட்டேன்.

"பெஞ்சு போடுங்கள். உட்கார இடம் இருந்தால் ஜனங்கள் நிற்பார்கள். நின்றால் ஏதாவது வாங்குவார்கள்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாயிற்று. யாருக்காகக் கேட்கிறேன் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்குமோ என்று பயந்தேன். அண்ணாச்சிதான் முதலில், "டைப் அம்மா சொல்றது சரித்தேன். ஒரு பெஞ்சு என் செலவு. அந்தப் புங்கமரத்தடியில போட்ருவோம்" என்றார். அவர் சொன்னதும் ஒவ்வொருவராக ஆளுக்கொரு பெஞ்சு என்று ஒத்துக்கொண்டார்கள். அன்றிரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் பிடிக்கவில்லை. புங்கமரத்தடி பெஞ்சில் எந்த ஓரத்தில் உட்காருவது என்றுகூட யோசித்து வைத்தேன்.

பெஞ்சு வேலை நடந்தபோது நான் ஊரில் இல்லை. அண்ணன் குழந்தைக்குக் காது குத்து என்று திருச்சிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று ஆபீஸ் விட்டதும் பெரிய ரோட்டில் இறங்கி, கைப்பையில் ஒரு வாரப்பத்திரிகையோடு ஏறக்குறைய ஓடினேன். தெரு நன்றாகத்தான் இருந்தது. ஒரே வர்ணம், புது விளக்குகள், இரண்டு பக்கமும் வரிசையாகக் கடப்பைக்கல் பெஞ்சுகள். புங்கமரத்தடியில் நான்கைந்து பேர் கூடி நின்றார்கள். பெஞ்சில் யாரும் இல்லை. எனக்காகவே காலியாக வைத்ததுபோல் இருந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். சாய்மானம் இல்லாத பெஞ்சு. இரண்டு செங்கல் கட்டையின் மேல் ஒரே பலகைக்கல். உட்காரும் இடம் முழுக்க எழுத்து. மேலே 'முருகன் துணை'. நடுவில் அண்ணாச்சியின் காலஞ்சென்ற தகப்பனார் பெயர், ஊர்ப் பெயருடன். கீழே 'உபயம்' என்று போட்டு அண்ணாச்சி பெயர், கடைப் பெயர். உளியால் ஆழமாக வெட்டி, வெள்ளைப் பெயிண்டால் நிரப்பியிருந்தார்கள். ஒரு கிழவி முருகன் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

மரத்தடியில் ரிக்ஷாவை நிறுத்தியிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, குந்தலாம்னு பாத்தியா? மேல சாமி பேரு கீது, கீழ அவுரு நைனா பேரு கீது. எவன் குந்துவான்? நானே ஒரு வாரமா பாத்துக்கினு கீறேன், ஒருத்தன் குந்தல."

அடுத்த பெஞ்சுக்குப் போனேன். பிள்ளையார். அதற்கடுத்தது பெருமாள். நோட்டுப் புத்தகக் கடைக்காரர் சரஸ்வதியைப் போட்டிருந்தார். ஜவுளிக்கடைக்காரர் குலதெய்வத்தோடு நிறுத்தாமல் பாட்டன், பூட்டன் வரை வெட்டியிருந்தார். தெருவின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. புடவை எடுக்க வந்தவள் போல ஒரு கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் கேட்டே விட்டேன். "அண்ணாச்சி, உட்காரப் போட்ட பெஞ்சில் இப்படி எழுதினால் யார் உட்காருவார்கள்?"

"உக்காரத்தேன போட்டிருக்கு? யாரும் உக்காரப்படாதுன்னா சொன்னோம்?"

"நீங்கள் உட்காருவீர்களா?"

"எங்கய்யா பேரு மேலயா?" என்று பதறிப்போனார். "என்னம்மா பேசுறீக!"

பெயரில்லாமல் ஒரு கரண்டியைக்கூடக் கொடுக்காத மனிதர், பெஞ்சை மட்டும் பெயரில்லாமல் கொடுப்பார் என்று நினைத்தது என் தப்பு.

வேடிக்கை என்னவென்றால், தெரு பிழைத்துக்கொண்டது. முதலில் யாரோ முருகன் பெயர் மேல் ஒரு முழம் பூ வைத்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு அகல் விளக்கு. அப்புறம் சுற்றிலும் கோலம். எந்தப் பெஞ்சில் எந்தச் சாமி என்று பார்க்கவே அபிராமபுரத்திலிருந்தெல்லாம் மாமிகள் வந்தார்கள். பூக்காரி திரும்பி வந்தாள். கற்பூரம் விற்கிறவன், பலூன்காரன், வேர்க்கடலைக்காரன் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே ஒரு சொம்பு, ஒரு ரவிக்கைத் துண்டு என்று வாங்கிப் போனார்கள். சங்கத்தில் ஜிலேபி கொடுத்தார்கள். எல்லாம் டைப் அம்மா யோசனை என்று ஜவுளிக்கடைக்காரர் கை தட்டச் சொன்னார். எல்லாரும் தட்டினார்கள். மனு எழுத வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டதால் அத்தோடு மாடியில் கூட்டம் போடுவதும் நின்றது. என் நாற்காலியும் போயிற்று.

மறுபடி நடக்க ஆரம்பித்தேன். அந்தத் தெருவில் இப்போது இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஜோடி ஜோடியாக, குழந்தை குட்டியோடு வருவார்கள். அந்தக் கூட்டத்தை வரவழைத்தவள் நான் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. வெறும் தெருவாக இருந்தபோதுகூட இவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

ஒரு சாயங்காலம் லேசாகத் தூறல் போட்டு நின்றிருந்தது. தெருவில் கூட்டம் கலைந்திருந்தது. பழக்கதோஷத்தில் நான் புங்கமரத்தில் சாய்ந்துகொண்டு, எதிரே பாத்திரக் கடையில் தொங்குகிற தூக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லாவிலிருந்து அண்ணாச்சி எழுந்தார். உள்ளே போனார். ஒரு மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துப் பிடித்தபடி தெருவைத் தாண்டி வந்தார். தகப்பனார் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டார். தோளில் கிடந்த துண்டால் ஒரு துடை துடைத்தார்.

"உக்காருங்கம்மா."

"வேண்டாம் அண்ணாச்சி. நான் இப்போது போய்விடுவேன்."

"அட, உக்காருங்க. இதுல பேரு ஒண்ணும் வெட்டல." அப்புறம் என்னைப் பார்க்காமல் பெஞ்சின் மேல் காய்ந்த பூவை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். "முன்ன இங்கன பஸ் நின்ன காலத்துல தினம் வந்து நிப்பீக. ஒரு பஸ்லயும் ஏறமாட்டீக. எல்லாப் பஸ்ஸையும் விட்டுப்புட்டு, ஏழரைக்கு நடந்து போவீக. கல்லாவுல உக்காந்து பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். பெஞ்சு போடணும்னு நீங்க சொன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சு."

அத்தனை நாளும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்காராவிட்டால் அவர் வருத்தப்படுவார். உட்கார்ந்தால் எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அவர் கடைக்குத் திரும்பிப் போகாமல், தகப்பனார் பெயர் மேல் தேங்கியிருந்த தூறல் தண்ணீரைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டேன்.

"வரேன் அண்ணாச்சி. பஸ் வந்துடும்" என்றேன்.

அந்தத் தெருவில் பஸ் நின்றுபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணாச்சி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டார்.

"சரிம்மா," என்றார். "பாத்து ஏறுங்க."