மூன்று வாரக் குழந்தைக்கு டி.பி.யா?

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். நான் குழந்தைகள் டாக்டர் என்று தெரிந்ததும், பந்தியில் பக்கத்து இலை மாமி ஆரம்பித்துவிட்டார்.

"பொறந்த கொழந்தைக்கெல்லாம் டி.பி. வராது, இல்லையோ டாக்டர்?"

"வரும் மாமி. வயித்துக்குள்ள இருக்கும்போதே வரலாம்."

மாமி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். பந்தியில் பேசுகிற விஷயமா இது? இல்லைதான். ஆனால் ரொம்ப அபூர்வம் என்பதாலேயே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராத நோய். அதனால் உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு மண்ணச்சநல்லூரிலிருந்து மூன்று வாரப் பெண் குழந்தை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அப்பா சேகர், ரைஸ் மில் மெக்கானிக். அம்மா மல்லிகா. பல வருஷம் காத்திருந்து பெற்ற முதல் குழந்தை. காய்ச்சல், மூச்சிரைப்பு. கல்லீரல் வீங்கியிருந்தது. பால் குடிக்கத் தெம்பில்லை. நிமோனியா என்று போட்ட ஊசி எதற்கும் அசையவில்லை.

குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்த நான், திரும்பி அம்மாவைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாள்...

"உனக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"சாயங்காலமானா லேசா காய்ச்சல் வருங்க. மாசமா இருந்தப்பவே உண்டு. புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும்னாங்க."

பொறி தட்டியது. மல்லிகாவின் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தோம் — சுத்தம்! "டி.பி. இல்லை" என்றார்கள் கூட இருந்த டாக்டர்கள். நான் விடவில்லை. குழந்தையின் வயிற்றிலிருந்து மெல்லிய ட்யூப் வழியாக நீர் எடுத்தேன். மல்லிகாவின் கர்ப்பப்பையிலிருந்து துளி சதை. இரண்டிலும் டி.பி. கிருமி! தாயின் நுரையீரலை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையில் போய் ஒளிந்திருக்கிறது; அங்கிருந்துதான் குழந்தைக்கும்.

சேகரின் முகம் வெளுத்தது. "வெளியில தெரிஞ்சா தலைகாட்ட முடியாதுங்க. இவ அவங்க அம்மா வீட்டுக்குப் போகட்டும். பாப்பாவுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கறேன்."

மல்லிகா அழவில்லை. "என் பால்தான் விஷமா டாக்டர்?"

"பால்ல ஒண்ணும் இல்ல, நெஞ்சும் சுத்தம், மூச்சுலயும் பரவாது. தாராளமா கொடு. சேகர், இவங்களைப் பிரிக்காதீங்க. மருந்து இருக்கு. ரெண்டு பேரையும் நான் பிழைக்க வைக்கிறேன்."

உள்ளுக்குள் உதறலே இல்லையா? கொஞ்சம் இருந்தது. ஆனால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

குழந்தைக்கு எடை பார்த்து ஊசியும் பொடித்த மாத்திரையும். தாய்க்குத் தனியாக மருந்து. மல்லிகா பாலைப் பீச்சித் தருவாள், ட்யூபில் கொடுப்போம். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு காய்ச்சல் இறங்கியது. ஒருநாள் காலை, வார்டே திரும்பிப் பார்க்கும்படி குழந்தை பாலுக்காக வீறிட்டது பாருங்கள்... மல்லிகா அப்போதுதான் அழுதாள்.

வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் மருந்து. மாத்திரை பொடிக்கும் வேலையை சேகரே எடுத்துக்கொண்டார். இருவருக்கும் முழுசாகக் குணமானது.

அடுத்த வருஷம் என் தில்லை நகர் கிளினிக்குக்கு சேகர் வந்தார். கூடவே தயங்கித் தயங்கி ஒரு பெண்.

"எங்க மில்லுல வேலை பார்க்கறாங்க டாக்டர். முழுகாம இருக்காங்க. இருமலை மறைச்சிட்டே இருந்தாங்க. அதான் கையோட கூட்டிட்டு வந்தேன்."

டி.பி.யைவிட வேகமாகப் பரவ வேண்டியவர்கள், இந்த சேகர்கள்தான்!