நான் கேட்காத வாய்ஸ் மெசேஜ்

காலையில் எழுந்து போனை எடுத்தால்... அது என் போன் இல்லை.

கவர் என்னுடையதுதான். மூலையில் இருக்கும் கீறலும் அதேதான். ஆனால் உள்ளே எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. எழுத்து பெருத்துவிட்டது. கேமரா இருந்த இடத்தில் கால்குலேட்டர். 'உங்கள் போன் வெற்றிகரமாக அப்டேட் செய்யப்பட்டது' என்று ஒரு வாழ்த்து வேறு!

யார் கேட்டார்கள்? ஒரு வாரமாக 'அப்புறம்', 'அப்புறம்' என்றுதானே அழுத்திக்கொண்டிருந்தேன்? தூங்கிக்கொண்டிருந்தவளின் கட்டை விரலைப் பிடித்துப் பத்திரத்தில் உருட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

என்ன மாற்றினார்கள் என்று செட்டிங்ஸில் போய்த் தேடினேன். 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன. உங்கள் அனுபவம் மேம்படுத்தப்பட்டது.' அவ்வளவுதான். என்ன பிழை? என் அனுபவத்தில் அப்படி என்ன குறையைக் கண்டார்கள்?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் பேங்க்கில் ஆடிட் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவள். எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் குணம் பென்ஷன் மாதிரி மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலமே முதல் கோளாறு.

என் மகள் நிவேதா ஹைதராபாத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இங்கே புனே பக்கத்தில் சிஞ்ச்வட்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. பேசுகிற தமிழிலும் பாதி ஹிந்தி, கால்வாசி இங்கிலீஷ். அதனால் எனக்கு எப்போதும் வாய்ஸ் மெசேஜ்தான். விஷயம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கேன்டீன் சாம்பாரில் சர்க்கரை... ஆட்டோக்காரரோடு தகராறு... ரூம் மேட் இவளுடைய ஷாம்பூவை எடுத்துவிட்டாள்...

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மெசேஜ் வந்தது. வழக்கத்தைவிட நீளம். போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்து அழுத்தினேன். கோடு நகர்கிறது, சத்தம் வரவில்லை. வால்யூமை முழுக்க ஏற்றிவிட்டு மறுபடி அழுத்தினேன். கோடு கடைசி வரை ஓடி முடிந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ஏங்க, அப்டேட்டுல ஸ்பீக்கரே போயிடுச்சுங்க!"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றார் கணவர், ஹாலில் இருந்து. அவருக்கு உலகத்தின் எல்லா வியாதிக்கும் அது ஒன்றுதான் மருந்து.

அவர் சொன்னபடி செய்துவிட்டு இன்னொரு முறை போட்டேன். இந்தத் தடவை பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குள் குக்கர் கூப்பிட்டது. நாளைக்குக் கடையில் காட்டிவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம், எப்படியும் சாம்பாரில் சர்க்கரைதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் மொபைல் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏதோ ஒரு ஹிந்திப் பாட்டைப் போட்டார். கடையே அதிர்ந்தது.

"ஆன்ட்டி, செட் ஏக்தம் பர்ஃபெக்ட்!"

பல் வலிக்கு டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும் வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி. அசட்டுச் சிரிப்போடு வெளியே வந்து, நிவேதாவின் மெசேஜையாவது கேட்போம் என்று திறந்தால்...

'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது.'

அனுப்பி, நான் பார்த்து, அதற்குப் பிறகு அழித்திருக்கிறாள். ஏன்? ஆடிட்காரியிடம் ஒரு கிழித்த வவுச்சரைக் காட்டினால் எப்படி இருக்கும்? அங்கேயே, ரோட்டு ஓரத்திலேயே நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

ஆடிட்டில் நாங்கள் பழகிய தந்திரம் ஒன்று உண்டு. உனக்கு ஒன்றும் தெரியாது என்பதை எதிரில் இருப்பவருக்குக் காட்டாதே. எல்லாம் தெரிந்த மாதிரி உட்கார். அவரே கக்குவார்.

"என்னடி, டெலிட் பண்ணியிருக்கே?"

"நீ ரிப்ளையே பண்ணலையேம்மா."

"அதுக்கெல்லாம் ரிப்ளை வேற பண்ணணுமா?"

அந்தப் பக்கம் ஒரு பேச்சும் இல்லை. சரி, தந்திரம் வேலை செய்கிறது, இப்போது வெளியே வரும் என்று காத்திருந்தேன்.

"சரிம்மா. சமஜ் கயீ" என்றாள். புரிந்துவிட்டதாம். போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வாய்ஸ் மெசேஜே வரவில்லை. கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்" என்று இரண்டு வார்த்தை. குரலும் சரியில்லை.

"லவ்வா இருக்கும்" என்றார் கணவர்.

"யாருங்க பையன்?"

"எனக்கெப்படித் தெரியும்? ஆடிட்டர் நீதானே."

இந்தக் கவலைக்கு நடுவில் பக்கத்து வீட்டில் வேறு ஒரு மர்மம் ஆரம்பித்தது.

பக்கத்து ஃப்ளாட்டில் சவிதா தாயி இருக்கிறார். தாயி என்றால் மராத்தியில் அக்கா. எனக்கு வயதில் கொஞ்சம் மூத்தவர். நல்ல மனுஷிதான். ஆனால் ஒரு அளவோடு பழகுவார். பண்டிகைக்குப் பண்டிகை தட்டு மாறும், மற்றபடி லிஃப்டில் ஒரு சிரிப்பு. அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள் காலையில் கதவைத் தட்டி, சுடச்சுட ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடியை நீட்டினார்.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"சும்மாதான். நீங்க நல்லா சாப்பிடணும்" என்றார்.

நான் ஏன் நல்லா சாப்பிடணும்? எனக்கு என்ன?

அடுத்த நாள் அவருடைய கணவர் எனக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையாட்டியதுகூட இல்லை. இறங்கும்போது, "டென்ஷன் மத் லோ, பஹன்ஜி. சப் டீக் ஹோ ஜாயேகா" என்றார். டென்ஷன் வேண்டாமாம், எல்லாம் சரியாகிவிடுமாம். அவர் அதைச் சொல்கிற வரை எனக்கு இவ்வளவு டென்ஷன் இல்லை.

வீட்டுக்குள் வந்து கணவரிடம் சொன்னேன்.

"நம்ம அபார்ட்மென்ட் சொசைட்டி எலெக்‌ஷன் வருதில்ல? அவர் செக்ரட்டரிக்கு நிக்கறார். நம்ம ஓட்டுக்குத்தான் கிச்சடி."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஓட்டுக் கேட்கிறவர் முகத்தில் சிரிப்பு இருக்கும். இவர்கள் முகத்தில் இருந்தது இரக்கம். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போன் அப்டேட் ஆன அன்றிலிருந்துதானே எல்லாம்? சத்தம் போனது, மகள் மெசேஜ் மறைந்தது, பக்கத்து வீட்டுக்கு என் மேல் பாசம் பொங்கியது... யாரோ நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். வைஃபை வழியாக!

உடனே வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு. என்னாலும் முடியவில்லை. டிவி நின்றது, பிரிண்டர் நின்றது, கணவரின் கிரிக்கெட் மேட்ச் கடைசி ஓவரில் நின்றது. "ஹேக்கர் எவ்வளவோ தேவலை" என்று சொல்லிவிட்டு அவர் மேட்ச் பார்க்கக் கீழே செக்யூரிட்டி ரூமுக்குப் போய்விட்டார்.

நான் கிச்சடி டப்பாவைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். திருப்பிக் கொடுப்பது ஒரு சாக்கு. விசாரணைதான் வேலை.

சவிதா தாயி டப்பாவை வாங்கிக்கொண்டார். தயங்கினார். பிறகு மெதுவாக, "முல்கீ கதீ யேத்தே?" என்றார். பொண்ணு எப்போது வருகிறாள்?

"எந்தப் பொண்ணு?"

"நிவேதாதான். வேலை இன்னைக்குப் போனா நாளைக்குக் கிடைக்கும். முதல்ல அவளை வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதானே போட்டீங்க? எங்க ஸ்பீக்கர்ல வந்துது."

ஸ்பீக்கர் என்றதும்தான் ஞாபகம் வந்தது. நவராத்திரிக்கு சொசைட்டிப் பெண்கள் எல்லாம் அவர் வீட்டில்தான் கூடினோம். என்னை ஒரு தமிழ்ப் பாட்டு போடச் சொன்னார்கள். அதற்காக என் போனை அவர்கள் ஸ்பீக்கரோடு ப்ளூடூத்தில் இணைத்தேன். வீட்டுக்கு வந்ததும் ப்ளூடூத்தை அணைத்துவிட்டேன். பிறகு தொடவே இல்லை. அப்டேட் அதைத் தானாகவே முடுக்கிவிட்டிருக்கிறது. அந்த ஸ்பீக்கர் இருப்பதோ என் சமையலறைச் சுவருக்கு நேர் அந்தப் பக்கம்.

"நாங்க ஒட்டுக் கேக்கலை" என்றார் சவிதா தாயி. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். திடீர்னு ஸ்பீக்கர் பேசுது. என்ன ஏதுன்னு புரியறதுக்குள்ள முழுசா ஓடிடுச்சு. திரும்பவும் வந்துது, அதைவிடச் சத்தமா. மூணாவது தடவை இவர்தான் எழுந்து போய் ஸ்விட்சை அணைச்சார். நம்ம காதுல விழ வேண்டிய விஷயம் இல்லைன்னார்."

அன்று கத்தரிக்காய் நறுக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மராத்தி சீரியல் என்று நினைத்தேன். தினமும் எப்படித்தான் இதைப் பார்க்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

"தாயி, நான் அதைக் கேக்கவே இல்லை" என்றேன். "அவ என்ன சொன்னா?"

சவிதா தாயி என்னைப் பிடித்து சோஃபாவில் உட்கார வைத்தார். அவருக்குப் புரிந்தது அவளுடைய ஹிந்தியும் இங்கிலீஷும்தான். டீமையே எடுத்துவிட்டார்கள். போன மாதமே. சொல்லப் பயந்துகொண்டு, ஆபீஸ் போகிற மாதிரியே தினமும் பேசியிருக்கிறாள். கர் ஆ ஜாவூங் க்யா, வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். கோபமாக இருந்தால் ரிப்ளை பண்ண வேண்டாம், புரிந்துகொள்கிறேன் என்று முடித்திருக்கிறாள்.

'அதுக்கெல்லாம் ரிப்ளை வேற பண்ணணுமா?'

ஆடிட் தந்திரம்!

"நடுவுல ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை" என்றார் சவிதா தாயி. "அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னா. 'அம்மா, பய்மா இருக்கு... பய்மா இருக்கு'ன்னு. அப்படின்னா என்ன?"

பயமா இருக்கு. அதை நான் அவருக்கு ஹிந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. "டர் லக் ரஹா ஹை" என்றேன்.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவர் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்தபடியே மகளைக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவைதான் எடுத்தாள்.

"மீட்டிங்ல இருக்கேம்மா."

"இல்லடி. நீ மீட்டிங்ல இல்ல."

அவள் மறுத்துப் பேசுவதற்குள் நானே தொடர்ந்தேன்.

"நிவி, அந்த மெசேஜை நான் கேக்கவே இல்லடி. சத்தியமா. அது பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்ல போயிடுச்சு."

"மைக் ப்ளூ ஆச்சேம்மா... நீ கேட்டேன்னு காட்டிச்சே..."

"போன்தான்டி கேட்டுது. நான் கேக்கலை. தெரிஞ்ச மாதிரி சும்மா பேசினேன். உன் வாயைப் பிடுங்கலாம்னு."

"அம்மா! நான் எத்தனை ரோயா பண்ணேன் தெரியுமா?"

அழுதாளாம். இந்த மாதிரி தமிழுக்கு இத்தனை நாள் திட்டியிருக்கிறேன். அன்று திருத்தத் தோன்றவில்லை. அவளுக்கு முழுத் தமிழ் வந்திருந்தால் சவிதா தாயிக்கு ஒரு வரியும் புரிந்திருக்காது. கிச்சடியும் வந்திருக்காது.

"பஸ் புக் பண்ணு. அப்பா இங்க பஸ் ஸ்டாப்புக்கு வந்து கூட்டிக்கிட்டு வருவார்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவர் நீ யாரையோ லவ் பண்றேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்."

அழுகைக்கு நடுவில் அவள் சிரித்தாள். பல நாள் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். என் போனிலேயே கேட்டது.

வந்துவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு தலையணை. முதல் இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தாள். இப்போது பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இன்டர்வியூ கொடுக்கிறாள். ஒரு இடத்தில் இரண்டாவது ரவுண்டு வரை போயிருக்கிறது, இன்னும் பதில் இல்லை. முந்தாநாள் இன்டர்வியூ நடுவில் எங்கள் வைஃபை போய்விட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சவிதா தாயி வீட்டுக்கு ஓடினாள். அவருடைய கணவர் டிவியை அணைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாராம். எலெக்‌ஷனில் அவருக்குத்தான் எங்கள் இரண்டு ஓட்டும்.

அப்டேட் போட்ட கம்பெனியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 'மேம்படுத்தப்பட்ட அனுபவம்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ப்ளூடூத் அணைந்திருக்கிறதா என்று கேஸ் சிலிண்டர் வால்வைப் பார்க்கிற மாதிரி தினமும் பார்க்கிறேன். போனைச் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை, நீங்களும் தாராளமாகப் படுங்கள். ஆனால் பிள்ளைகள் அனுப்பியது காதில் விழவில்லை என்றால், கடைக்கு ஓடுவதற்கு முன்னால் அவர்களைக் கூப்பிட்டு, 'எனக்குக் கேக்கலை, திரும்பச் சொல்லு' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல, ஏனோ நம் வயதுக்காரர்களுக்கு நாக்கு புரள மாட்டேன் என்கிறது.

இதையெல்லாம் எழுதலாமா என்று நிவேதாவிடம் அனுமதி கேட்டேன்.

"எழுதிக்கோம்மா. தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஹெச்.ஆர். இருக்கற கம்பெனிக்கு மட்டும் நான் அப்ளை பண்ணலை."