முழங்கைக்கு மூன்று ஓட்டை

“...அதுக்கு, இந்த மூணு ஓட்டையப் பாக்கவா நான் நியாலாஸ்லருந்து பஸ் மாறி பஸ் ஏறி வந்தேன்? கொசு கடிச்சாக்கூட இதவிடப் பெருசா வீங்கும் லா.”

சொன்னவர் எனக்கு மாமியாராகப் போகிற அத்தை. சொல்லிக்கொண்டே, எனக்கென்று கொண்டுவந்த கோழி சூப் பிளாஸ்க்கை மேசையிலிருந்து எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்தார். ஆபரேஷன் நடந்தது உண்மைதான் என்று தெரியும்வரை சூப் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. மலாக்காவில் செங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். வலது முழங்கை திடீர் திடீரென்று பூட்டிக்கொள்ளும். நீட்டவும் வராது, மடக்கவும் வராது. கூட வேலை செய்தவர்கள் சும்மா விடுவார்களா? சட்டை மாட்டி வைக்க வசதி என்றார் ஒருவர். இனி பஸ்ஸை நிறுத்தத் தனியாகக் கை தூக்க வேண்டாம் என்றார் இன்னொருவர். நானும்தான் சிரித்தேன், கல்யாணம் நிச்சயமாகும்வரை.

தாலிக்கு மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டை அவன் அக்காளோ தங்கையோ போடுவது எங்கள் வழக்கம். எனக்கு உடன்பிறந்தவள் இல்லை. ஆகவே மூன்றும் என் கையால்தான். பாதியில் கை நின்றுபோனால் மணவறையில் அதைவிட அபசகுனம் வேண்டுமா? கை சரியாகாவிட்டால் கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிடுவதாக அத்தை சொல்லிவிட்டார்.

மலாக்கா டவுனில் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மூட்டுக்குள் எலும்புத் துணுக்குகள் கழன்று திரிகின்றன, கதவிடுக்கில் கல் மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்கின்றன என்று விளக்கினார். “பெரிசா வெட்டத் தேவையில்லை தம்பி. ஒரு ஓட்டைக்குள்ளால கேமரா விடுவம், மற்ற ரெண்டுக்குள்ளால துண்டுகளை எடுப்பம். பயப்பிடாதேங்கோ.” மயக்கம் தெளிந்தபோது தலைமாட்டில் ஒரு குட்டிப் பாட்டில் இருந்தது. உள்ளே என் துணுக்குகள்.

மறுநாள் கட்டைப் பிரித்து மூன்று சின்ன பிளாஸ்திரி ஒட்டினார்கள். வலி தாங்குமட்டும் கையை மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர். அந்த நேரம் பார்த்துத்தான் அத்தையும் மாமாவும் வந்தார்கள். நான் பாட்டிலைக் காட்டினேன். அத்தை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஜவ்வரிசி என்று தீர்ப்புச் சொன்னார்.

பிறகு, கல்யாணத்துக்கென்று அன்று காலை டவுனில் வாங்கிய மஞ்சள் கயிற்றுக் கண்டிலிருந்து ஒரு முழம் பிரித்தார். கட்டிக் காட்ட வேண்டுமாம். எதில்? தலையணைக்குக் கழுத்து இல்லை. பிரஷர் பார்க்க வந்த சீன நர்ஸ் மிஸிக்கு எங்கள் தேடல் வேடிக்கையாக இருந்தது. “சாயா போலே லா,” தன்னால் முடியும் என்று மலாயில் சொல்லி, திரும்பி நின்று குனிந்து கழுத்தைக் காட்டினாள். நானும் கயிற்றோடு போய்விட்டேன். அத்தை பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அவ கழுத்துல முடிச்சு விழுந்துட்டா எம் மக கதி என்ன மாப்ள?”

மூலையில் எனக்கு வாங்கிவந்த ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டிருந்தார் மாமா. அவர்தான் மிச்சம். வாய் நிறையச் சுளையோடு குனிந்தார். நான் இரண்டு கையையும் தூக்கினேன். தையல் சுரீரென்றது. வழக்கமாகப் பூட்டிக்கொள்ளும் இடம் வந்தது. முழங்கை அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போனது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றையும் சந்தோஷத்தில் இழுத்து இறுக்கினேன்.

மாமா கழுத்தைத் தடவிக்கொண்டே அத்தையைப் பார்த்தார். “அன்னைக்கு நான் கட்டுனப்ப நீ ஏன் அழுதேன்னு இப்பத்தான் புள்ள வெளங்குது.”

மிஸி விழுந்து விழுந்து சிரித்தாள், என்ன புரிந்ததோ. நகம் வைத்துப் பார்த்தும் முடிச்சு அவிழவில்லை. அவள் கத்தரிக்கோல் எடுத்துவர, மஞ்சள் கயிற்றில் கத்தரி படக்கூடாதென்று அத்தை தடுத்துவிட்டார்.

பிளாஸ்க்கை வெளியே எடுத்தார். மூடி ததும்பச் சூப்பை ஊற்றி என் வலது கையில் கொடுத்தார். அப்புறம் மாமாவின் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, கயிறு தெரியாதபடி மேல் பொத்தான்வரை போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அவரைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போனார்.