உமரிக்கு உப்புத்தண்ணி

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு கோயம்புத்தூர் பீளமேட்டுக்கு வந்த என் சித்தி, முதல்முறை ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஈரச்சாக்கில் சுற்றி உமரிச்செடி கொண்டுவந்தார். உப்பளக் கரையில் தானாக முளைத்துக் கிடக்கும், இலை தடித்த கீரை அது. களைச்செடி என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கோபத்தைக்கூட ஒரு ‘ங்க’ போட்டுத்தான் காட்டுவார்கள்.

மொட்டைமாடியில் பெயின்ட் வாளியில் மணல் நிரப்பி நட்டுவிட்டு, மூன்றாம் வகுப்பு படித்த என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

“உப்புத்தண்ணிதான் ஊத்தணும், பிள்ள. அப்பத்தான் ருசி ஏறும்.”

எங்களுக்கு நல்லதண்ணி என்றால் சிறுவாணி, உப்புத்தண்ணி என்றால் போர்வெல் தண்ணீர். நானும் போர்க் குழாயைத் திறந்து தவறாமல் ஊற்றினேன். வாளி நிறையத் தழைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி அதைப் பறித்து, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தார். கீரையிலேயே உப்பு இருக்கும் என்று உப்பே போடவில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வாயில் விழப்போவது அவருடைய ஊர் அல்லவா.

“நல்லாருக்குதுங்க அம்மணி,” என்றார் அப்பா. அம்மாவும் தலையாட்டினார். சித்தப்பா இன்னொரு கரண்டி கேட்டார்.

“உப்பே இல்லைங்க சித்தி,” என்றேன் நான்.

அம்மா என் தொடையைக் கிள்ளினார். சித்தி ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

“எந்தத் தண்ணி ஊத்துன?”

“உப்புத்தண்ணிதானுங்க.”

குழாயடிக்குப் போய் ஒரு கை அள்ளிக் குடித்தவர், “இதுக்குப் பேரு உப்புத்தண்ணியா!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உள்ளே வந்து அப்பாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “அப்ப, இத்தன நாளா நல்லாருக்குன்னு சொன்ன என் மீன்கொழம்பு?”

அப்பா தண்ணீர் குடித்தார்.

மறுநாளிலிருந்து நான் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். சித்தியோ எதைச் சமைத்தாலும் முதல் கரண்டியை என் உள்ளங்கையில்தான் வைத்தார். புதுப்புடவை கட்டினாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. எனக்கு நாக்கு சுத்தம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அத்தனை பேர் அவ்வளவு மரியாதையாக நடத்திய அந்த வீட்டில், சித்தி தனியாக இருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.