நான் இடித்த மாவு

அரூரில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறேன். கிராமங்களில் சேவை செய்ய வரும் வெளிநாட்டுக்காரர்கள் முதல் மாதம் அங்கே தங்கித் தமிழ் கற்றுக்கொள்வார்கள். அப்படி வந்தவள்தான் அவள். ஜெர்மனிக்காரி. அங்கே டீச்சராக இருந்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு வராது. அவளுக்குத் தமிழ் அரைகுறையாக இருந்ததால் என் கூச்சம் பெரிதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து களி சாப்பிடுவாள். பத்தாவதோடு நின்றுபோன எனக்கு ஒரு டீச்சர் சிநேகிதி. தெருவில் அவளோடு நடக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

பிறகு அவளை ஒரு கிராமத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய விவசாயக் குடும்பம் அவளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டது. ஆடி மாதம் போன் செய்தாள்.

"அக்கா, இங்க மாரியம்மன் பண்டிகை. நான் மாவிளக்கு எடுக்குறேன். நீ மாவு கொண்டு வா. உன் மாவு நல்ல மாவு. நீயும் என்கூட எடு."

எங்கள் காலனியிலும் மாரியம்மன் உண்டு. வருஷா வருஷம் நான் மாவிளக்கு எடுப்பவள். பச்சரிசியை ஊறவைத்து, உலர்த்தி, மிஷினுக்குக் கொடுக்காமல் உரலிலேயே இடித்தேன். சலித்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டேன். அந்த மாவை ஏந்தி அவள் நடப்பாள், பக்கத்தில் நானும் நடப்பேன். அதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

அவளும் அந்த வீட்டாரும் வாசலுக்கே வந்து வரவேற்றார்கள்.

"வாங்க, வாங்க. டீச்சரம்மா ஓயாம உங்க பேச்சுத்தான்," என்றார் அந்த வீட்டம்மா. "ஆனா நல்லாத் தமிழ் சொல்லிக் குடுத்தீங்க போங்க! மொத நாளே எங்க வூட்டுக்காரர 'வாடா'ன்னு கூப்புட்டுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போசியைத் திறந்து மாவை விரலால் அமுக்கிப் பார்த்தவர், "எவ்வளவு பதமா இருக்குதுங்க! எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எங்க வருது," என்றார். பிறகு கேட்டார். "அரூர்ல எந்தப் பக்கம்ங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்." எப்போதும் நான் சொல்லும் பதில் அது.

"பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். தன் தமிழைக் காட்டும் சந்தோஷம் அவளுக்கு. "அக்கா வூடு காலனியில! நான் அங்க நெறைய சாப்ட்டேன்!"

வீட்டம்மா மாவைத் தொட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அவர் நாத்தனார்தான் முதலில் சிரித்தது. "அப்ப டீச்சரம்மாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தணும் அண்ணி!"

"அட சும்மா இரு புள்ள," என்றார் வீட்டுக்காரர். "வெள்ளக்காரங்களுக்கு அதெல்லாம் ஒட்டாது."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். புரிந்து சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"வெயில்ல வந்திருக்க," என்றார் வீட்டம்மா என்னிடம். "அந்தக் கொட்டாயில ஒக்காரு. வூட்டுக்கும் ஆள் காவல் வேணுமில்ல."

மாட்டுக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோது அந்த நாத்தனார் என் போசியைக் கொண்டுவந்து, மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியில் மாவைக் கவிழ்த்தார். நான் பார்ப்பது தெரிந்தும் அவசரப்படவில்லை. அடியைத் தட்டிவிட்டு, வெறும் போசியை என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

மேளம் வந்துவிட்டது. அவள் மஞ்சள் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வெளியே வந்தாள். வீட்டம்மா அவள் கையில் தட்டைக் கொடுத்தார். அது மிஷினில் அரைத்த மாவு. வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "இது அக்கா மாவு இல்ல," என்றாள்.

"அதுல ஈரம் பட்டுடுச்சு டீச்சரம்மா. நேரமாவுது, வாங்க."

அவள் திரும்பிக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், தொட்டியையும் பார்த்தாள். மாவு இன்னும் முழுதாகக் கரைந்திருக்கவில்லை. அந்த ஊரில் மூன்று மாதம் இருந்தவள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தட்டைக் கீழே வைப்பாள் என்று நினைத்தேன். 'அக்காவும் வரட்டும்' என்று ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேளத்தின் பின்னால் நடந்தாள்.

நான் கிளம்பிவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது போன் வந்தது.

"அக்கா, ஏன் போன? எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா நான் வெளியாள். இது அவங்க பழக்கம். நான் கேக்கறது தப்பு. இவங்க ரொம்ப நல்லவங்க, அக்கா."

என்னிடம் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். களி தின்றபோது அவள் வெளியாள் இல்லையே என்று கேட்டிருக்கலாம். கேட்கிற வாய் எனக்கு எப்போது இருந்தது?

"அடுத்த வாரம் நான் அரூர் வரேன். உன் வீட்டுக்கு வரேன். சரியா?"

"பஸ் வந்துடுச்சு," என்று சொல்லி போனை வைத்தேன்.

பஸ் வந்திருக்கவில்லை. அது வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்த வாரம் அவள் வந்து கதவைத் தட்டினாள். நான் உள்ளே இருந்தேன். போய்த் திறக்கவில்லை.